‘விண்டோஸ் 11 போடலாமா?’ - வாசகர் கேள்வி பதில்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதன்பிறகு இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பழைய லேப்டாப்தான் பேச்சு. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

*கேள்வி: 2018-இல் வாங்கிய லேப்டாப். இன்டெல் ஐ5-8250யூ, 8 ஜி.பி. ரேம், 1 டி.பி. ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்தால் உருப்படியாக வேலை தொடங்க ஐந்து நிமிடம் ஆகிறது. விண்டோஸ் 11-க்குத் தகுதி இருக்கிறதா என்று மைக்ரோசாஃப்டின் ‘பிசி ஹெல்த் செக்’ செயலியில் பார்த்தேன். ‘டி.பி.எம். 2.0 தேவை’ என்கிறது. புதிதாக வாங்கத்தான் வேண்டுமா?*
- ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: வேண்டாம். உங்கள் பிராசஸர் 8-ஆம் தலைமுறை. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் இன்டெல் வரிசை, ஒன்றிரண்டு விதிவிலக்குகளைத் தவிர, அங்கேதான் தொடங்குகிறது. மற்ற வாசகர்களும் தங்கள் லேப்டாப்பைப் பார்த்துக்கொள்ளலாம்: ஐ3, ஐ5, ஐ7 என்பதற்குப் பின்னால் வரும் எண்ணின் முதல் இலக்கம்தான் தலைமுறை. ஐ5-7200யூ என்றால் 7. எண் 1-இல் தொடங்கினால் மட்டும் முதல் இரண்டு இலக்கங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஐ5-10210யூ என்றால் 10, ஐ5-1135ஜி7 என்றால் 11. பென்டியம், செலரானுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அவற்றை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டுள்ள பட்டியலில்தான் தேட வேண்டும்.

டி.பி.எம். என்பது பாஸ்வேர்டு, என்கிரிப்ஷன் சாவிகளைப் பத்திரமாக வைத்திருக்கும் பகுதி. உங்கள் காலத்து லேப்டாப்களில் அது பிராசஸரோடு சேர்ந்தே வருகிறது. பல கம்பெனிகள் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை அமைப்புத் திரை) அதை அணைத்த நிலையில் விற்றன, அவ்வளவுதான். லேப்டாப்பை ஆன் செய்தவுடன் எஃப்2 (ஹெச்.பி. என்றால் எஃப்10) அழுத்தி பயாஸுக்குள் போங்கள். ‘செக்யூரிட்டி’ அல்லது ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் ‘இன்டெல் பிளாட்ஃபார்ம் டிரஸ்ட் டெக்னாலஜி’ அல்லது சுருக்கமாக ‘பி.டி.டி.’ என்று இருக்கும். ஏ.எம்.டி. லேப்டாப்பில் ‘எஃப்.டி.பி.எம்.’ என்று இருக்கும். ‘எனேபிள்டு’ என மாற்றிச் சேமியுங்கள். பக்கத்திலேயே ‘கிளியர் டி.பி.எம்.’ என்றும் ஒன்று இருக்கும். அதில் கை வைக்காதீர்கள். டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தால் சாவி போய்விடும்.

அடுத்து, விண்டோஸின் தேடல் பெட்டியில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ என்று தேடித் திறந்து ‘பயாஸ் மோட்’ என்ற வரியைப் பாருங்கள். ‘யூ.இ.எஃப்.ஐ.’ (பயாஸின் புதிய முறை) என்றிருந்தால் நல்லது. ‘லெகசி’ என்றிருந்தால் டிஸ்க் எம்.பி.ஆர். என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸ் 11-க்கு ஜி.பி.டி. என்ற புதிய முறை வேண்டும். இதைத் தெரியாமல் பயாஸில் மட்டும் யூ.இ.எஃப்.ஐ. என்று மாற்றிவிட்டு ‘பூட் டிவைஸ் இல்லை’ என்ற கறுப்புத் திரையைக் கண்டு பயந்தவர்கள் நிறையப் பேர். டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மறுபடி லெகசிக்கு மாற்றினால் பழையபடி வந்துவிடும். ஃபைல்கள் அழியாமல் எம்.பி.ஆரை ஜி.பி.டி. ஆக்க விண்டோஸிலேயே ஒரு கருவி இருக்கிறது. ஆனால் டிஸ்க்கில் மூன்று பிரைமரி பார்ட்டிஷன்களுக்கு மேல் இருந்தாலோ, லாஜிக்கல் பார்ட்டிஷன் இருந்தாலோ அது வேலை செய்யாது. நம் ஊர்க் கடைகளில் சி, டி, இ என்று பிரித்துக் கொடுப்பார்களே, அதில் டி-யும் இ-யும் பெரும்பாலும் லாஜிக்கல்தான்.

இதற்கெல்லாம் ஒரே தீர்வாக ஒன்று இருக்கிறது. நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லியாக வேண்டும்: ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) போடுங்கள். ஐந்து நிமிடத் தாமதத்துக்குக் காரணம் விண்டோஸ் 10 அல்ல. டாஸ்க் மேனேஜரைத் திறந்து ‘டிஸ்க்’ என்ற பத்தியைப் பாருங்கள், ஆன் ஆன முதல் சில நிமிடங்கள் 100 சதவீதத்திலேயே நிற்கும். சுழலும் தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்களைப் படிக்க நேரமாகிறது. அதே டிஸ்க்கில் விண்டோஸ் 11 போட்டால் வேகம் கூடாது, இன்னும் குறையும். பிராசஸரும் ரேமும் உங்களுக்குப் போதும். மாற்ற வேண்டியது டிஸ்க் ஒன்றுதான்.

வாங்கும்முன் உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். இப்போதிருக்கும் 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க்கின் இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. நேராகப் பொருந்தும். அதன் தடிமன் 7 மி.மீ. பழைய டிஸ்க் 9.5 மி.மீ. என்றால் எஸ்.எஸ்.டி. ஆடாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் தேவைப்படும். எம்.2 ஸ்லாட் (சிறு பட்டை வடிவ எஸ்.எஸ்.டி. செருகும் இடம்) இருந்தால் அது சாட்டா வகையை மட்டும் ஏற்குமா, அதைவிட வேகமான என்.வி.எம்.இ. வகையையும் ஏற்குமா என்று பார்ப்பது முக்கியம். சாட்டா மட்டும் என்றிருக்கும் ஸ்லாட்டில் என்.வி.எம்.இ. போட்டால் பயாஸில் தெரியவே தெரியாது. கடைக்காரர் ‘பீஸ் டெட்’ என்பார், நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

எஸ்.எஸ்.டி. வந்ததும் பழையதை அப்படியே குளோன் செய்யாமல் விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவுங்கள். எம்.பி.ஆர். தொல்லை அதோடு முடிந்தது. குறைந்தது 8 ஜி.பி. பெண்டிரைவில் மைக்ரோசாஃப்டின் ‘மீடியா கிரியேஷன் டூல்’ மூலம் நிறுவல் ஃபைலை ஏற்றுங்கள். லேப்டாப்போடு வந்த அசல் விண்டோஸ் என்றால் தனியாக உரிமம் வாங்க வேண்டாம். ஹோமா, புரோவா என்பதை மாற்றாமல் நிறுவினால் இணையத்தோடு சேர்ந்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகும்.

ஒரு இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். நிறுவும்போதே இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கும். வைஃபைக்கான டிரைவர் அப்போது இல்லாவிட்டால் அந்தத் திரையைத் தாண்ட முடியாது. ஆண்ட்ராய்டு போனை யூ.எஸ்.பி. கேபிளில் இணைத்து ‘யூ.எஸ்.பி. டெதரிங்’ (போனின் இணையத்தை லேப்டாப்புக்குத் தரும் வசதி) போட்டால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை யூ.எஸ்.பி. கேஸில் போட்டு ஃபைல்களை நகலெடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகும் ஓரிரு மாதம் அதை ஃபார்மேட் செய்யாதீர்கள்.

*கேள்வி: 2016 மாடல். ஐ5-6200யூ, 8 ஜி.பி. ரேம், எஸ்.எஸ்.டி. ஏற்கெனவே போட்டாயிற்று, நன்றாகவே ஓடுகிறது. சர்வீஸ் கடையில் ‘எல்லா லேப்டாப்பிலும் 11 போட்டுத் தருகிறோம்’ என்கிறார்கள். போடலாமா?*
- ஈரோடு

பதில்: போட முடியும் என்பது உண்மை. ‘ரூஃபஸ்’ என்ற இலவச மென்பொருளில் பெண்டிரைவ் தயாரிக்கும்போது டி.பி.எம்., செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடும் பாதுகாப்பு), ரேம் நிபந்தனைகளை நீக்கும் வசதி உண்டு. கடைக்காரரும் அதைத்தான் செய்வார். 6-ஆம் தலைமுறையில் விண்டோஸ் 11 இயங்காது என்று எந்தத் தொழில்நுட்பத் தடையும் இல்லை. நிஜமான தடை அதைவிடப் பழைய சிப்களுக்குத்தான்: 24ஹெச்2 (2024-இன் இரண்டாம் பாதியில் வந்த விண்டோஸ் 11) பதிப்பிலிருந்து பி.ஓ.பி.சி.என்.டி. என்ற கட்டளை பிராசஸரில் இருந்தாக வேண்டும். கோர் 2 டுவோவில் அது இல்லாததால் எந்த வழியில் போட்டாலும் பூட் ஆகாது.

கடைக்காரர் சொல்லாமல் விடுவது பிறகு வரும் வேலையைத்தான். தகுதியில்லாத கணினிக்கு அப்டேட் தருவதற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று மைக்ரோசாஃப்ட் எழுதியே வைத்திருக்கிறது. நடைமுறையில் மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் ஆண்டுக்கொரு முறை வரும் புதிய பதிப்பு தானாக வராது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் உண்டு. ஹோம், புரோ இரண்டிலும் 24ஹெச்2-க்கு 2026 அக்டோபர் 13 வரை, 25ஹெச்2-க்கு 2027 அக்டோபர் 12 வரை. அதற்குள் மறுபடி பெண்டிரைவ் தயாரித்து, அதே தந்திரத்தைச் செய்து மேம்படுத்த வேண்டும். அதை நீங்களே செய்யத் தெரிந்தவர் என்றால் தாராளமாகப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் கடைக்கு ஓட வேண்டியவர் என்றால் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

இன்னொன்று. ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்ற பாதுகாப்பு வசதியை யூடியூப் பார்த்து இயக்கிவிடாதீர்கள். அதற்குத் தேவையான வன்பொருள் உதவி இன்டெலில் 7-ஆம் தலைமுறையில்தான் வந்தது. உங்கள் சிப் அதை மென்பொருளால் போலியாகச் செய்துகாட்ட வேண்டியிருக்கும், வேகம் கண்ணுக்குத் தெரிந்தே குறையும்.

அவசரமில்லாத வழி ஒன்றும் இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கான விண்டோஸ் 10-க்கு ‘இ.எஸ்.யூ.’ என்ற நீட்டிப்பை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் கிடைக்கும். விலை 30 டாலர். ஆனால் செட்டிங்ஸைத் தன் கிளவுடில் பேக்கப் செய்ய அனுமதித்தால் பணம் இல்லை. முதலில் பதிப்பு 22ஹெச்2 ஆக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அட்மின் உரிமையுள்ள மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸில் ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்தில் ‘என்ரோல் நவ்’ என்பதை அழுத்த வேண்டும். ஒரே கணக்கில் 10 கணினிகள் வரை சேர்க்கலாம்.

கடையில் போட்டுக்கொண்டால் ஒன்றைக் கவனியுங்கள்: உங்கள் அசல் உரிமத்திலேயே ஆக்டிவேட் ஆகியிருக்க வேண்டும். ‘ஆக்டிவேட்டர்’ என்று ஏதோ ஒன்றை ஓட்டி, அதற்காக ஆன்டிவைரஸையும் அணைத்து வைத்துக் கொடுத்தால், பாதுகாப்புக்காக விண்டோஸ் மாற்றியதற்கே அர்த்தமில்லை.

*கேள்வி: அப்டேட் இல்லாவிட்டால் என்ன, காசு கொடுத்து நல்ல ஆன்டிவைரஸ் போட்டுவிட்டால் போதாதா?*
- திருநெல்வேலி

பதில்: போதாது. ஆன்டிவைரஸ் தெரிந்த வைரஸை அடையாளம் காணும். விண்டோஸின் உள்ளேயே இருக்கும் ஓட்டையை அதனால் அடைக்க முடியாது. ஒவ்வொரு மாதமும் விண்டோஸ் 11-க்கு ஓட்டைகளை அடைக்கும்போது, அவற்றில் பல விண்டோஸ் 10-லும் இருப்பவை. அடைத்ததைப் பார்த்தே ஓட்டை எங்கே என்று கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள். விண்டோஸ் 10-உடன் வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டருக்கு வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆகவே காசு கொடுத்து இன்னொன்று வாங்குவதில் லாபம் குறைவு.

*கேள்வி: சிறிய அலுவலகம். டேலி, கேனன் எல்.பி.பி.2900 பிரின்டர், ஜி.எஸ்.டி. தாக்கலுக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். 10-ஆம் தலைமுறை லேப்டாப்தான், ஆனால் உள்ளே 32 பிட் விண்டோஸ் 10 இருக்கிறது. ‘லினக்ஸுக்கு மாறிவிடு’ என்கிறார் நண்பர்.*
- கணக்காளர், சிவகாசி

பதில்: நண்பரை மன்னித்துவிடுங்கள். லினக்ஸ் என்பது விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம். டேலி விண்டோஸுக்கானது. அந்தக் கேனன் பிரின்டருக்கு லினக்ஸில் டிரைவர் போடுவது தனி வேதனை. டோக்கனுக்கும் கையெழுத்து மென்பொருளுக்கும் லினக்ஸில் ஒரு நாள் முழுக்கப் போராட வேண்டிவரலாம். தாக்கல் செய்யும் கடைசி நாளில் அந்த நிலை வேண்டாம்.

விண்டோஸ் 11-க்கு மாறுங்கள். ஆனால் அதில் 32 பிட் பதிப்பே கிடையாது. அதனால் இருப்பதன் மேல் அப்கிரேடு செய்ய முடியாது, புதிதாகத்தான் நிறுவ வேண்டும். எல்லா மென்பொருளையும் மறுபடி போட வேண்டிவரும். வழக்கமான 32 பிட் மென்பொருள்கள் 64 பிட் விண்டோஸிலும் ஓடும். 16 பிட் காலத்துப் பழைய டாஸ் புரோகிராம் ஏதாவது இன்னும் பயன்பாட்டில் இருந்தால் அது ஓடாது. 32 பிட் டிரைவர்களும் ஏறாது, பிரின்டருக்கும் டோக்கனுக்கும் 64 பிட் டிரைவர் வேண்டும். அவற்றை இறக்கி பெண்டிரைவில் வைத்துக்கொண்ட பிறகே பழையதை அழியுங்கள்.

வேலையைத் தொடங்குமுன் டேலியில் டேட்டா பேக்கப் எடுத்து, அதை வேறொரு கணினியில் ‘ரீஸ்டோர்’ செய்து திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது. டேலி லைசென்ஸைப் பழைய விண்டோஸில் ‘சரண்டர்’ செய்துவிட்டுப் புதியதில் ஆக்டிவேட் செய்யுங்கள். டோக்கனுக்குள் இருக்கும் சான்றிதழ் லேப்டாப்பில் இல்லை, அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் டோக்கனை ‘இனிஷியலைஸ்’ செய்யச் சொல்லும் எதையும் அழுத்தாதீர்கள், சான்றிதழ் அழிந்துவிடும். மாதத்தில் எந்தத் தேதியில் இதைச் செய்யக் கூடாது என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

*கேள்வி: அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த அரசின் விலையில்லா மடிக்கணினி. 2 ஜி.பி. ரேம், 320 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. நான் கல்லூரிக்குப் பயன்படுத்தலாமா?*
- கல்லூரி மாணவி, அரியலூர்

பதில்: விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. அதில் ஓடும் கடைசி குரோம் பதிப்பு 109. இனி பல தளங்கள் சரியாகத் திறக்காது. விண்டோஸ் 7 சாவியை வைத்து இலவசமாக 10, 11-க்குப் போகும் வழியையும் 2023-இல் மூடிவிட்டார்கள்.

இதற்குப் பொருத்தமானது லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற இலகுவான பதிப்பு. 22-ஆம் வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை அப்டேட் உண்டு. 2 ஜி.பி. ரேமில் நிறுவ முடியும். ஆனால் பிரவுசரில் நான்கு டேப் திறந்தால் திணறும். 4 ஜி.பி. ஆக்கிவிட்டால் கட்டுரை எழுத, படிக்க, வகுப்புகளைப் பார்க்கப் போதும். பழைய ரேமைக் கழற்றி ஸ்டிக்கரைப் பாருங்கள். ‘பி.சி.3’ என்றால் 1.5 வோல்ட், ‘பி.சி.3எல்’ என்றால் 1.35 வோல்ட். எல் என்று கேட்கும் போர்டில் எல் இல்லாததைப் போட்டால் திரை வராது. எல் வகை பெரும்பாலும் இரண்டிலும் ஓடும் என்பதால் சந்தேகமென்றால் அதையே வாங்குங்கள். பழைய ரேம், பழைய எஸ்.எஸ்.டி. கிடைத்தாலும் போதும், இந்த லேப்டாப்பில் புதிதாகப் பெரிய தொகையைப் போடாதீர்கள்.

மின்ட்டை நிறுவாமலே பெண்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். ஆன் செய்யும்போது லெனோவோ, டெல், ஏசரில் எஃப்12, ஹெச்.பி.-யில் எஃப்9. ஏசரில் எஃப்12 வேலை செய்யவில்லை என்றால் பயாஸில் ‘எஃப்12 பூட் மெனு’ என்பதை முதலில் இயக்க வேண்டும். வைஃபை கிடைக்கிறதா, சத்தம் வருகிறதா, மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா, இந்த மூன்றையும் சோதித்த பிறகே நிறுவுங்கள்.

*கேள்வி: 2017 மேக்புக் ஏர். மேக்ஓ.எஸ். மான்டரே பதிப்புக்கு மேல் போக மறுக்கிறது.*
- சென்னை

பதில்: ஆப்பிள் அந்த மாடலுக்குக் கொடுத்த கடைசிப் பதிப்பு அதுதான். மான்டரேக்கான பாதுகாப்பு அப்டேட்டும் 2024-ஓடு நின்றுவிட்டது. ‘ஓப்பன்கோர் லெகசி பேட்சர்’ மூலம் புதிய மேக்ஓ.எஸ். போடலாம். ஆனால் வைஃபை, கிராஃபிக்ஸ் இரண்டுக்கும் அது போடும் ஒட்டு ஒவ்வொரு அப்டேட்டிலும் கழன்றுவிடும், திரும்பப் போட வேண்டும். அதோடு ஆப்பிளின் பாதுகாப்பு ஏற்பாடு ஒன்றையும் தளர்த்தியே அது இயங்குகிறது. வங்கி வேலைக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம். ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது, கூட்ட முடியாது. லினக்ஸ் மின்ட் நன்றாக ஓடும். வைஃபை சிப்புக்கு டிரைவர் இறக்கும்வரை போன் டெதரிங் தேவைப்படும்.

*கேள்வி: விண்டோஸ் 11 போட்டால் பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த பழைய ஃபைல்கள் திறக்குமா? தமிழ் 99 விசைப்பலகை உண்டா?*
- அச்சக உரிமையாளர், மதுரை

பதில்: உண்டு. செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, அதன் ‘லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்’ பக்கத்தில் ‘தமிழ் 99’ விசைப்பலகையைச் சேருங்கள். பழைய ஃபைல்கள் அந்தந்த எழுத்துரு கணினியில் இருக்கும்வரை திறக்கும். இருப்பதன் மேல் அப்கிரேடு செய்தால் எழுத்துருக்கள் அப்படியே இருக்கும். புதிதாக நிறுவினால் போய்விடும், அதனால் ‘ஃபான்ட்ஸ்’ ஃபோல்டரை முன்கூட்டியே நகலெடுங்கள். ஒரே பயனருக்கு மட்டும் நிறுவிய எழுத்துருக்கள் அந்த ஃபோல்டரில் இல்லாமல் பயனரின் ‘ஆப்டேட்டா’வுக்குள் இருக்கும். அதையும் மறக்காதீர்கள். விசைப்பலகை மென்பொருளுக்கு யூ.எஸ்.பி. பூட்டு இருந்தால், அதன் டிரைவர் விண்டோஸ் 11-க்கு வந்திருக்கிறதா என்று விற்றவரிடம் கேட்ட பிறகே தொடங்குங்கள்.

*கேள்வி: அப்கிரேடு முடிந்தது. முதல் நாளே லேப்டாப் சூடாகிறது, மெதுவாக இருக்கிறது. பயாஸ் அப்டேட் செய்த பிறகு நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது!*
- கோவை

பதில்: சூடும் மந்தமும் ஓரிரு நாளில் அடங்கும். ஃபைல்களை மறுபடி அட்டவணைப்படுத்துகிறது, டிரைவர்களை இறக்குகிறது. சார்ஜரில் போட்டு விட்டுவிடுங்கள்.

48 இலக்கம் என்பது, டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யும் பிட்லாக்கர் வசதியின் மீட்புச் சாவி. பயாஸ் மாறியதால் டி.பி.எம். சந்தேகப்பட்டுக் கேட்கிறது. போனிலிருந்து உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, ‘டிவைசஸ்’ பகுதியில் லேப்டாப்பைத் தேர்ந்தெடுத்தால் சாவி இருக்கும். திரையில் தெரியும் அடையாள எண்ணோடு ஒப்பிட்டுச் சரியான சாவியைப் போடுங்கள். கணக்கிலும் இல்லை, எழுதியும் வைக்கவில்லை என்றால் அந்த டிஸ்க்கிலிருந்து ஃபைல்களை யாராலும் மீட்க முடியாது. ‘மீட்டுத் தருகிறேன்’ என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள். அடுத்த முறை பயாஸ் அப்டேட்டுக்கு முன் பிட்லாக்கரை ‘சஸ்பெண்ட்’ செய்துவிடுங்கள்.

பழைய விண்டோஸுக்கே திரும்ப நினைத்தால் அப்கிரேடு செய்த 10 நாட்களுக்குள் செட்டிங்ஸில் ‘ரெக்கவரி’ பகுதியில் ‘கோ பேக்’ அழுத்தலாம். இடம் போதவில்லை என்று ‘விண்டோஸ்.ஓல்டு’ ஃபோல்டரை அதற்குள் அழித்துவிட்டால் அந்தப் பொத்தான் வேலை செய்யாது.